நீங்க எழுதுற நம்பர்தான் விவசாயியோட காசு! தருமபுரியில் வேளாண், உணவு லேப் டெக்னீஷியன் வேலை... ஏ டு இசட்

லேப்ல இருந்து வர்ற ஒரு நம்பருக்கு என்ன மதிப்புனு தமிழ்நாட்டுல தருமபுரி மக்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். வாசனை இருக்காது, ருசியிலும் குறை தெரியாது. ஆனா, ஒரு லிட்டரில் ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பற்களில் கறை விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் பாதிக்கும். அந்தத் தண்ணீரில் பிரச்னை இருக்குனு கண்டுபிடிச்சது கண்ணோ, நாக்கோ இல்லை. பரிசோதனைக்கூடம்தான். அந்த நம்பர்களை வெச்சுத்தான் ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

தண்ணீருக்கு மட்டுமில்லை. மண், விதை, பால், ராகி, மாம்பழக்கூழ், வெல்லம்னு தருமபுரியில் விளையுற, விற்கிற எல்லாத்துக்கும் பின்னால் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து ஒரு நம்பர் எழுதுறார். அவர்தான் வேளாண் அல்லது உணவு அறிவியல் டெக்னீஷியன். ப்ளஸ் டூ முடிச்சுட்டு `அடுத்து என்ன?'னு யோசிக்கிறவங்களும், பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி முடிச்சுட்டு பெங்களூருக்கு பஸ் ஏறலாமானு யோசிக்கிறவங்களும் இந்த வேலையைப் பத்தி ஒரு தடவை முழுசா தெரிஞ்சுக்கோங்க. நல்லதையும் சொல்றோம், கஷ்டத்தையும் சொல்றோம்.

முதல்ல, இது என்ன வேலை?

விஞ்ஞானி ஆராய்ச்சி பண்ணுவார். அதிகாரி முடிவெடுப்பார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல, மாதிரி எடுக்கிறது, பரிசோதிக்கிறது, கருவிகளைச் சரியா வெச்சுக்கிறது, கிடைச்ச அளவைப் பதிவேட்டில் எழுதுறது... இதெல்லாம் டெக்னீஷியனோட வேலை. பதவியோட பேர் இடத்துக்கு இடம் மாறும். லேப் அசிஸ்டென்ட், லேப் கெமிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல்னு எப்படி வேணாலும் இருக்கலாம். கையில் செய்யுற வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

தருமபுரியில் இந்த வேலை எங்கெல்லாம் இருக்குனு ஒரு ரவுண்டு போய்ப் பார்ப்போம்.

ராகி: 12 சதவிகிதம் என்ற கோடு

2023 மே மாதத்திலிருந்து தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கார்டுதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதுக்காக நுகர்பொருள் வாணிபக் கழகம் விவசாயிகளிடம் நேரடியா ராகி வாங்குது. குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23-ல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2024-25-ல் 4,290 ரூபாய்.

ஆனா, எல்லா ராகியையும் வாங்கிட மாட்டாங்க. ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்குள் இருக்கணும். காரணம் எளிது. ஈரம் கூடினால் மூட்டைக்குள்ள சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும், குடோன்ல கெட்டுப்போகும்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். 50 கிலோ மூட்டையில் ஈரப்பதம் 14 சதவிகிதம்னு வெச்சுக்குவோம். அதை 12-க்குக் காய வெச்சா, எடை சுமார் 48.9 கிலோவா குறையும். மூட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேல போயிடும். அதோட, களத்துல திரும்பக் கொட்டிக் காய வைக்கிற கூலி, வண்டி வாடகை, காத்திருக்கிற நாள்... எல்லாம் விவசாயி தலையில்தான்.

இப்போ மீட்டர் தப்பா காட்டினா என்ன ஆகும்? ஈரப்பத மீட்டரில் ஒவ்வொரு தானியத்துக்கும் தனி செட்டிங் உண்டு. நெல்லுக்கான செட்டிங்கில் ராகியைப் போட்டால் வரும் அளவு தப்பு. அதனால நல்ல டெக்னீஷியன் மூணு விஷயம் பண்ணுவார். தானியம் சரியா தேர்வாகியிருக்கானு பார்ப்பார். மூட்டையோட மேல, நடுவுல, அடியில்னு எடுத்துக் கலந்து அளப்பார். அப்பப்போ அதே தானியத்தை அவனில் உலர்த்தி, எடை போட்டு, மீட்டர் சொல்றது உண்மையானு ஒப்பிடுவார். இந்த மூணையும் செய்யாத இடத்துல, காய்ஞ்ச ராகியும் திரும்பிப் போகும். ஈர ராகியும் உள்ள போகும்.

பால்: விடிகாலை 5 மணி லேப்

பால் கூட்டுறவுச் சங்கம்தான் பல கிராமங்களில் இருக்கிற ஒரே `லேப்'. அங்க அளக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, கொழுப்பு. இன்னொண்ணு, கொழுப்பில்லாத இதர சத்துகள், அதாவது எஸ்.என்.எஃப். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெச்சிருக்கிற குறைந்தபட்ச அளவு கொழுப்பு 3.2 சதவிகிதம், எஸ்.என்.எஃப் 8.3 சதவிகிதம். இந்த ரெண்டு நம்பரை வெச்சுத்தான் லிட்டருக்கு எவ்வளவுனு முடிவாகும்.

இப்போ பல இடங்கள்ல எலெக்ட்ரானிக் அனலைசர் வந்துடுச்சு. பாலை வெச்சு பட்டனை அழுத்தினா போதும். ஆனா, அந்த மெஷின் சரியா சொல்லுதானு பார்க்கணும்னா பழைய கெர்பர் முறைதான் கை கொடுக்கும். பியூட்டிரோமீட்டர் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடி, கலக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் கொழுப்பு தனியா பிரிஞ்சு மேல வந்து நிக்கும். அளவுகோட்டில் படிக்க வேண்டியதுதான். கேட்க ஈஸியா இருக்கும். ஆனா அமிலத்தில் பாலை வேகமா ஊத்தினா பொங்கித் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாம இந்த வேலையைத் தொடவே கூடாது.

இதைவிட முக்கியமான ஒண்ணு, கரண்டி. பால் நின்னுட்டே இருந்தா கொழுப்பு மேல மிதக்கும். கலக்காம மேலாகவே அள்ளினா கொழுப்பு கூடக் காட்டும். அடியில் இருந்து எடுத்தா குறைச்சுக் காட்டும். லட்ச ரூபாய் மெஷின் இருந்தும், கேனை நல்லா கலக்காம மாதிரி எடுத்தா அந்த நம்பருக்கு மதிப்பே இல்லை.

கலப்படத்தையும் இங்கதான் பிடிப்பாங்க. தண்ணி ஊத்தினா லாக்டோமீட்டர் அளவு இறங்கும். அதை மறைக்க மாவு, சர்க்கரை, உப்புனு எதையாவது சேர்ப்பாங்க. மாவு சேர்த்த பால்ல ஒரு சொட்டு அயோடின் விட்டா நீலமா மாறிடும்.

பாலில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆய்வு செய்தது. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பைத் தாண்டியிருந்த மாதிரிகள் தமிழ்நாட்டில்தான் அதிகம்: 551-ல் 88. இது யாரும் பாலில் கலந்தது இல்லை. பூஞ்சை பிடிச்ச தீவனத்தை மாடு தின்னா, அந்த நச்சு மாறுபட்ட வடிவில் பாலில் வந்துடும். காய்ச்சினாலும் போகாது. அப்போ பாலை மட்டும் டெஸ்ட் பண்ணினா போதாது. புண்ணாக்கையும் தீவனத்தையும் டெஸ்ட் பண்ணணும். ராகிக்குச் சொன்ன அதே ஈரப்பதக் கதைதான் இங்கேயும்.

மாம்பழக்கூழ்: மூணு மாசத் திருவிழா

தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டும் 2004 வரைக்கும் ஒரே மாவட்டம். பிரிஞ்ச பிறகும் மாங்காய் மட்டும் பிரியலை. தருமபுரித் தோப்புகளில் விளையுற பெங்களூரா, அதாங்க நம்ம கிளிமூக்கு, பெரும்பாலும் கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற கூழ் தொழிற்சாலைகளுக்குத்தான் போகும். மே கடைசியில் இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அங்கே ராத்திரி, பகல் பார்க்காம ஷிஃப்ட் ஓடும். லேபுக்கு ஆள் தேவைப்படுறதும் அப்போதான்.

ஒவ்வொரு பேட்ச் கூழிலும் பார்க்கிற விஷயங்கள் இவை:

* பிரிக்ஸ்: இனிப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருளின் அளவு. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வெச்சுப் பார்ப்பாங்க. கிளிமூக்குக் கூழுக்கு வாங்குறவங்க வழக்கமா கேட்கிறது குறைந்தது 14, அல்போன்சாவுக்கு 16. கூழ் சூடா இருக்கும்போது பார்த்தா அளவு மாறும். 20 டிகிரி செல்சியஸுக்குச் சரிசெய்துதான் எழுதணும்.

* புளிப்பு: சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டு டைட்ரேஷன் பண்ணுவாங்க. காலேஜ் லேப்ல இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துவோம் இல்லையா? மாங்கூழின் மஞ்சளில் அந்த இளஞ்சிவப்பு சரியா தெரியாது. அதனால பி.ஹெச் மீட்டரை வெச்சு 8.1 வந்ததும் நிறுத்துவாங்க.

* பி.ஹெச்: 4.6-க்கு மேல போனா, காற்றில்லாத டின்னுக்குள்ள வளரும் ஆபத்தான கிருமிக்கு வழி திறந்த மாதிரி. மாங்கூழ் இயல்பாவே 4-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு பேட்ச்சையும் பார்த்தே ஆகணும்.

* கெட்டித்தன்மை: போஸ்ட்விக் என்ற தட்டில் கூழை விட்டு, 30 விநாடியில் எத்தனை சென்டிமீட்டர் ஓடுதுனு அளப்பாங்க.

* கரும்புள்ளி: தோல், கொட்டைத் துணுக்கு, அழுகின பகுதி கலந்தா கூழ்ல கருப்பா புள்ளி தெரியும். உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான்.

பழம் உள்ள வரும்போதே இன்னொரு கேள்வி இருக்கு. எப்படிப் பழுக்க வெச்சாங்க? கால்சியம் கார்பைடு கல் வெச்சுப் பழுக்க வைக்க இந்தியாவில் தடை இருக்கு. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம் வரைக்கும் பயன்படுத்த அனுமதி உண்டு.

சீஸன் முடிஞ்சா? சில ஆலைகள் கொய்யா, பப்பாளி, தக்காளினு ஓட்டும். சில ஆலைகள் அடுத்த மே வரைக்கும் அமைதியாகிடும். இதை வேலையில் சேரும்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கோங்க.

மண், விதை: அமைதியான லேப்

2015 பிப்ரவரியில் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 12 விஷயங்களைச் சோதிச்சுச் சொல்வாங்க. தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகள், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கூடவே பி.ஹெச், உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துத்திறன், அங்ககக் கரிமம்.

அங்ககக் கரிமம் 0.5 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தா `குறைவு', 0.75-க்கு மேல இருந்தா `அதிகம்'. தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தா `குறைவு'. இந்தியாவில் இந்தத் தழைச்சத்தை அளக்கப் பரவலா பயன்படுற முறை, 1956-ல் சுப்பையா, அசிஜா என்ற ரெண்டு பேர் வெளியிட்டது. மண் லேப்ல சேர்ந்தா இந்தப் பெயர்களை நீங்க தினமும் கேட்பீங்க.

இங்கேயும் தப்பு நடக்கிற இடம் பெரும்பாலும் வயல்தான். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், இப்போதான் உரம் போட்ட இடம்... இங்கெல்லாம் மண் எடுக்கக் கூடாது. வயலுக்குள்ள 10, 15 இடங்களில் `வி' வடிவத்தில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, எல்லாத்தையும் கலக்கணும். அதை நாலா பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பகுதியைத் தள்ளிட்டு, மறுபடி கலக்கி, கடைசியில் அரை கிலோ எடுத்து நிழலில் உலர்த்தணும். ஒரே இடத்துல ஒரு கைப்பிடி அள்ளிட்டு வந்த மண்ணுக்கு லேப் கொடுக்கிற ரிப்போர்ட், அந்தக் கைப்பிடிக்கு மட்டும்தான் பொருந்தும். அதை நம்பி தக்காளிக்கு உரம் போட்டா மூட்டைக்காசு வீண்.

விதைப் பரிசோதனையில் 400 விதைகளை நூறு நூறா முளைக்க வெச்சு எண்ணுவாங்க. சான்று பெற நெல்லுக்கு 80 சதவிகிதம், ராகிக்கு 75 சதவிகிதம் முளைப்புத்திறன் வேணும். பொறுமை இருக்கிறவங்களுக்கான இடம் இது. 

பாப்பாரப்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. பக்கத்துல கிருஷ்ணகிரி மாவட்டம் பையூரில் அதே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். `பையூர் 2' சாமை, `பையூர் 2' கொள்ளுனு இந்த மண்ணுக்கான ரகங்கள் வந்த இடம் அது.

வெல்லம்: ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போகும்

வெல்லம் பளிச்சுனு மஞ்சளா இருந்தா நல்லா விற்கும்னு சில இடங்களில் வெளுப்பாக்க ஹைட்ரோஸ் சேர்ப்பாங்க. எடை கூட்ட வெள்ளைச் சர்க்கரையையும் கொட்டுவாங்க. வெல்லத்தில் சல்ஃபர் டை ஆக்சைடு 70 பி.பி.எம் தாண்டக் கூடாதுனு விதி. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தா அதை நாலு பங்கா பிரிச்சு சீல் வைக்கணும். ஒரு பங்கு அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகும். தருமபுரிக்குப் பக்கத்தில் இருக்கிறது சேலம் கூடம். 14 நாளுக்குள்ள ரிப்போர்ட் வரணும். மீதிப் பங்குகள், வியாபாரி அந்த முடிவை ஏத்துக்கலைனா மறுபடி சோதிக்கிறதுக்கு. அதாவது, நீங்க எழுதின நம்பரை இன்னொரு லேப் சரிபார்க்கும். தப்பு இருந்தா நேர்மையான வியாபாரி பாதிக்கப்படுவார். இல்லைனா கலப்படக்காரர் தப்பிச்சுடுவார்.

என்ன படிக்கணும்?

* வேளாண்மை டிப்ளமோ: ப்ளஸ் டூ அறிவியல் பாடப்பிரிவுக்குப் பிறகு ரெண்டு வருஷம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் திருச்சி மாவட்டம் குமுளூர் உள்ளிட்ட இடங்களில் இருக்கு. இணைப்புக் கல்லூரிகளிலும் உண்டு. தோட்டக்கலை டிப்ளமோவும் இருக்கு. இதை முடிச்சவங்க உதவி வேளாண்மை அலுவலர், உதவி தோட்டக்கலை அலுவலர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி மூலம் முயற்சி செய்யலாம்.

* பி.டெக் உணவுத் தொழில்நுட்பம்: கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், கொடுவள்ளியில் இருக்கிற கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரி, தஞ்சாவூர் நிஃப்டெம். நிஃப்டெம் பி.டெக்குக்கு ஜே.இ.இ மெயின் மதிப்பெண் தேவை.

* பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, உணவு அறிவியல்: தனியார் ஆலை லேப்களுக்கு இதுவே போதும். மைசூரில் 1950-ல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துது. தருமபுரியில் இருந்து ரொம்ப தூரமும் இல்லை.

* மேல போகணும்னா: சம்பந்தப்பட்ட பாடத்தில் முதுநிலைப் பட்டம், உணவு ஆய்வில் மூணு வருஷ அனுபவம், கூடவே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தேர்வு. இதெல்லாம் இருந்தா `ஃபுட் அனலிஸ்ட்' ஆகலாம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுற அதிகாரம் அவருக்குத்தான்.

யாரும் சொல்லாத கஷ்டங்கள்

தனியார்ல ஆரம்பச் சம்பளம் பெருசா இருக்காது. ஐ.டி கம்பெனியோட ஒப்பிட்டா ஏமாந்துதான் போவீங்க. பால்னா விடிகாலை, மாம்பழம்னா நைட் ஷிஃப்ட். நாள் முழுக்க நிக்கணும். அமில நெடி இருக்கும்.

எல்லாத்தையும்விடப் பெரிய கஷ்டம், `கொஞ்சம் பார்த்துப் போடுங்க தம்பி' என்ற ஒரு வரி. அது பக்கத்து வீட்டு மாமாவிடம் இருந்தும் வரும், மேனேஜரிடம் இருந்தும் வரும். பிரிக்ஸ் 13.6 இருக்கும், லாரி வாசல்ல நிக்கும், `14-னு எழுதிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?'னு கேட்பாங்க. அந்த நேரத்துல உங்களைக் காப்பாத்துறது தைரியம் மட்டுமில்லை, பழக்கம். அதுக்கு நாலு விதி:

1. கருவி காட்டின அளவை உடனே பதிவேட்டில் எழுதிடுங்க. துண்டுச்சீட்டில் எழுதி அப்புறமா ஏத்துற வேலையே வேண்டாம்.

2. தப்பா எழுதிட்டா ஒயிட்னர் போடாதீங்க. ஒரே ஒரு கோடு அடிச்சு, பக்கத்துல சரியான அளவை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்க.

3. சந்தேகம் வந்தா அதே மாதிரியை ரெண்டாவது தடவை அளந்து பாருங்க. ரெண்டு அளவையும் எழுதுங்க.

4. மாதிரியில் ஒரு பங்கை லேபிள் ஒட்டி எடுத்து வையுங்க. கேள்வி வந்தா அது பேசும்.

இன்டர்வியூவில் நீங்க கேட்க வேண்டிய கேள்விகள்

`வருஷம் முழுக்க வேலை இருக்குமா, சீஸனுக்கு மட்டுமா? பி.எஃப், இ.எஸ்.ஐ உண்டா? நைட் ஷிஃப்ட்னா வண்டி வசதி இருக்கா? லேபுக்கு என்.ஏ.பி.எல் அங்கீகாரம் இருக்கா? கருவிகளைக் கடைசியா எப்போ காலிபரேட் பண்ணீங்க? லேப் முடிவை மாத்தச் சொல்ற அதிகாரம் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு இருக்கா?'

கடைசிக் கேள்வியை நேரடியா கேட்கத் தயக்கமா இருந்தா, `லேப் இன்சார்ஜ் யாருக்கு ரிப்போர்ட் பண்றார்?'னு கேளுங்க. பதில்லயே எல்லாம் புரிஞ்சுடும்.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஊர் பால் சங்கத்துக்கு ஒரு நாள் விடிகாலை போய் நில்லுங்க. டெஸ்ட் பண்றவர் கேனைக் கலக்கிட்டு மாதிரி எடுக்கிறாரானு பாருங்க. பால் ஊத்த வந்த அக்கா, ஸ்லிப்பில் இருக்கிற நம்பரை ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்க்கிறதையும் கவனிங்க. அந்த ஸ்லிப்பை நேர்மையா எழுத முடியும்னு உங்களுக்குத் தோணுச்சுனா, இந்த வேலைக்குத் தைரியமா அப்ளை பண்ணலாம்.